வாசித்ததைச் செய்துவிடும் அக்கா

நான் இரவல் கொடுத்த முதல் புத்தகத்தால் அந்த அக்காவின் வீட்டு முற்றம் உடைந்தது. அவருடைய கணவர் அந்த வருடம்தான் ஆள்பிடித்து, மணல் ஏற்றி, சரிவு பார்த்துப் போட்டு முடித்த சீமெந்து முற்றம். ஒரு சனிக்கிழமை காலை அக்கா இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்து ஒரு மூலையிலிருந்து கொத்தத் தொடங்கிவிட்டார்.

உப்புவெளியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில் மட்டும்தான். இந்தப் பக்கம் நானும் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகங்களும். அந்தப் பக்கம் அக்காவும், சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் இருக்கிற பகுதியில் குழாய் பொருத்தும் வேலைக்குப் போய்வந்த அவருடைய கணவரும், படித்துக்கொண்டிருந்த ஒரு மகளும். சத்தம் கேட்டு நான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"மண் மூச்சு விட ஏலாமல் கிடக்குது எண்டு நீங்கள் தந்த புத்தகத்தில கிடக்கு, பிள்ளை."

அது ஒரு கமக்காரர் தன் முதுமையில் மண்ணைப் பற்றியும் மண்புழுவைப் பற்றியும் எழுதிய சிறிய புத்தகம். நான் அதை மூன்று தரம் வாசித்திருக்கிறேன். மண்புழு வருகிற அத்தியாயத்தை, நான் வேலைக்குப் போகிற துறைமுகக் கந்தோரில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறேன். என் வீட்டு முற்றமும் சீமெந்துதான். அதைக் கொத்த வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அன்று பின்னேரம் அவருடைய கணவர் என் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பிள்ளை, குறை நினைக்க வேண்டாம். இனி அவவுக்குப் புத்தகம் குடுக்கிறதெண்டால் எனக்கு ஒருக்காச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ."

"அண்ணை, அது ஒரு நல்ல புத்தகம்."

"நல்லதாத்தான் இருக்கும். எனக்கு மழைக்காலத்தில கால் வைக்க இடமில்லை."

அக்கா வாசிக்கிற விதமே எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் ஒரு கிழமைக்கு இரண்டு புத்தகம் முடிக்கிறவள். அவருக்கு ஒன்றுக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். குசினியில், பலகைக் கட்டையில் குந்தி, மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, பால் பொங்குகிறதைப் பார்ப்பது போல அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திருப்பித் தரும்போது நான் ஆவலோடு கேட்பேன்.

"எப்பிடி அக்கா புத்தகம்?"

"வாசிச்சன்."

அவ்வளவுதான். எனக்கோ அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். அந்த நடை, அந்த முடிவு, நடுவில் வருகிற அந்த ஒரு வசனம். இந்த ஊரில் என்னோடு புத்தகம் கதைக்க ஆளில்லை. கந்தோரில் கப்பல் வருகிற நேரத்தைத் தவிர வேறு கதையில்லை. அக்கா ஒருவர்தான் வாசிக்கிறார், அவரிடமும் ஒரு சொல் பெயராது. வற்புறுத்திக் கேட்டால், "வடிவாத்தான் எழுதியிருக்கினம்" என்பார், கூட்டித் துப்புரவாக வைத்திருக்கிற வீட்டைப் பற்றிச் சொல்வது போல.

அவர் அந்தப் புத்தகத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்பது பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியவரும். வீட்டில் ஏதாவது ஒன்று தலைகீழாகியிருக்கும்.

ஒரு முறை மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிற பெண்ணின் கதையைக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒரு வருடத்துக்குப் பொய் சொல்வதில்லை என்று தனக்குள் முடிவெடுத்து, வேலையையும் உறவையும் இழந்து, கடைசியில் நிம்மதியாக இருப்பாள். நாவல் என்ற வகையில் சுமார்தான். கொடுக்கும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை.

அதை அவர் வாசித்து முடித்த மாதம் தம்பலகாமத்தில் அக்காவின் மச்சாளுடைய மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடிந்து, பலகாரம் வந்து, எழும்புகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் சும்மா ஒரு வார்த்தைக்காகக் கேட்டிருக்கிறார். "பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?"

எல்லோரும் இல்லை, இல்லை என்றார்கள். தட்டோடு நின்ற அக்கா சொன்னார்.

"மாரி காலத்தில மூச்சு முட்டி இழுக்கும். வாயில அடிக்கிற பம்ப் பாவிக்கிறவ."

சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்தது. மச்சாள் அக்காவின் படலையைத் தாண்டி வருவதை விட்டார். கணவர் ஒரு கிழமை அக்காவோடு பேசவில்லை. பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் வேலைக்குப் போனார். எனக்கு நெஞ்சு கொதித்தது. அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியும். நான் மதிலடியில் வைத்து அக்காவைக் கேட்டேன்.

"அக்கா, அது கதை. ஆரோ ஒருத்தர் இருந்து கற்பனை பண்ணி எழுதினது."

"ஓம், கதைதான். அதுக்கென்ன?"

"அதை அப்பிடியே செய்ய ஏலுமோ?"

"பிறகேன் பிள்ளை அதை எழுதினவர்?"

அந்தப் பெண்ணுக்கு அதன்பிறகு நெடுநாள் ஒன்றும் சரிவரவில்லை. அக்கா செய்தது சரி என்று அப்போதும் நான் சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். அவருடைய கணவர் பார்க்கிற பார்வையில் அந்தச் சம்பந்தத்தைக் குழப்பியது நான்தான் என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு நான் கவனமாக இருக்கத் தொடங்கினேன். அலுமாரிக்கு முன்னால் நின்று, எதைக் கொடுத்தால் என்ன செய்வார் என்று யோசிப்பது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. பயணக் கதை வேண்டாம், கிளம்பிவிடுவார். துறவிகளின் வாழ்க்கை வேண்டவே வேண்டாம். மனைவி வீட்டை விட்டுப் போகிற நாவல்களை எல்லாம் பின் வரிசைக்குத் தள்ளினேன். தரமான புத்தகங்கள் ஒவ்வொன்றாக ஆபத்தான புத்தகங்களாகிக்கொண்டு வந்தன. கடைசியில் துப்பறியும் கதை ஒன்றைக் கொடுத்தேன். பணக்காரர் ஒருவர் கொலையாகிறார், புத்திசாலி ஒருவர் வந்து கண்டுபிடிக்கிறார். இதை வாசித்து இவர் என்னத்தைச் செய்துவிட முடியும்?

வழக்கத்துக்கு மாறாக இந்தப் புத்தகத்தைப் பற்றி அவரே வாய் திறந்தார்.

"பிள்ளை, செத்தவன்ர மனிசியை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே."

"எந்த மனிசி?"

"இருக்கிறா. அழுதவ எண்டு ஒரு வசனம், பிறகு அவவைக் காணேல்லை. வேலைக்காரன், காறோட்டி, எல்லாரையும் கேக்கினம். அவவை விட்டிட்டினம்."

எனக்கு அந்த மனிசி நினைவிலேயே இல்லை. எத்தனையோ துப்பறியும் கதைகள் வாசித்திருக்கிறேன், ஒன்றிலும் இப்படி ஒரு ஆளை நான் தேடியதில்லை.

எங்கள் ஒழுங்கையின் முடிவில், கடற்கரைக்குப் போகிற திருப்பத்தில், ஒரு பெண் தனியே இருந்தார். அவருடைய கணவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். செத்தவீட்டோடு ஊர் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டது. யாருக்கும் அந்தப் பெண்ணில் கோபமில்லை. என்ன கதைப்பதென்று தெரியாது, அதுதான். அக்கா ஒரு பெட்டி இடியப்பத்தோடு போய், வாசலில் நின்று, "என்ன நடந்தது?" என்று நேராகக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அதிர்ந்துபோய் நின்றாராம். பிறகு உள்ளே கூப்பிட்டு, பொழுதுபடும் வரைக்கும் சொன்னாராம். என்ன சொன்னார் என்று அக்கா எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். "அது அவவின்ர கதை" என்றுவிட்டார். அதன் பிறகு இருவரும் மீன் வாங்க ஒன்றாகப் போவதை ஒழுங்கை முழுக்கப் பார்த்தது. துக்கம் பிடித்த வீட்டோடு என்ன சவகாசம் என்று ஒரு கதையும் எழும்பியது. அக்காவின் கணவர் வாசலில் இருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசிப்பு மாதத்தில் ஒரு நூலகத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். என் வாழ்க்கையை மாற்றிய புத்தகம் என்பதுதான் தலைப்பு. எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. பத்தொன்பது வயதில், இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கியிருந்தபோது கையில் கிடைத்த நாவல் அது. மட்டையும் முன் பக்கங்களும் இல்லை. யார் எழுதியது, பெயரென்ன, ஒன்றும் இன்றுவரை தெரியாது. ஒரு களப்பின் இரண்டு கரைகளில் இரண்டு சகோதரிகள். ஏதோ ஒரு சொல்லில் முறிந்து, தலை நரைக்கும் வரை பேசாமல் இருப்பார்கள். கடைசியில் தங்கை ஒரு தோணியில் அக்கரைக்குப் போவாள். தமக்கை முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்று தோணியைப் பிடித்து இழுப்பாள். இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். அத்தோடு முடியும்.

மேடையில் அந்தக் கடைசிப் பக்கத்தைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. எப்போதும் உடையும். கேட்டுக்கொண்டிருந்த சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். நல்ல கைதட்டல். என்னோடு துணைக்கு வந்த அக்கா மூன்றாவது வரிசையில் கைதட்டாமல் இருந்து பார்த்தார். திரும்பி வருகிற பஸ்சில் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ."

நான் யாருக்கும் கொடுக்காத புத்தகம். ஆனால் என் பேச்சில் உருகிப்போனார் என்று ஒரு பெருமை வந்துவிட்டது. கொடுத்தேன்.

எனக்கு ஒரு தம்பி. மூதூரில் தண்ணீர் மோட்டார் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். அம்மா என்னோடு இருந்துதான் இறந்தார். வருத்தம் கூடின நாட்களில் இரவு பகலாகப் பார்த்தவள் நான். சேமக்காலையில், அம்மாவை மண்ணுக்குள் இறக்கிவிட்டு நிற்கிறபோது, அவ்வளவு சனத்துக்கும் முன்னால் அவன் சொன்னான். "வைச்சுப் பாக்க ஏலாட்டி என்னட்டைத் தந்திருக்கலாம்." அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. அக்காவுக்கு இது தெரியும். மதிலோடு இருக்கிறவருக்கு எது தெரியாது?

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்கா வெளியில் போய்வந்த சேலையோடு என் வீட்டுக்கு வந்தார். கையில் என் புத்தகம்.

"மூதூருக்குப் போட்டு வாறன், பிள்ளை."

"மூதூரில உங்களுக்கு ஆர்?"

"எனக்கு ஆர். உங்கட தம்பியைத்தான் பாத்தனான்."

வாழ்க்கையில் யாரோடும் நான் அப்படிக் கத்தியதில்லை.

"ஆர் உங்களைப் போகச் சொன்னது? ஆர் கேட்டது உங்களை?"

அவர் கதிரையில் இருந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டார். கிண்ணியா வழியாகப் பஸ்சில் போகவும் வரவும் நின்றபடியே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"அந்த மேடையில அழுதனீங்கள்தானே. கதைக்கு அழுதனீங்களோ, தம்பிக்கு அழுதனீங்களோ எண்டு எனக்கு விளங்கேல்லை. அதுதான் போனனான்."

"கதைக்குத்தான் அழுதனான்."

"அப்ப சரி. அவர் சொன்னவர், வாறதெண்டால் மத்தியானத்துக்கு முதல் வரட்டாம். பின்னேரம் கடையில சனம் கூடவாம்."

நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். மதிலடிக்குப் போவதில்லை. அலுமாரிக்குப் பூட்டுப் போட்டேன். என் துக்கத்தைக் கொண்டுபோய் ஒரு மோட்டார்க் கடையில் அவிழ்த்து வைக்க இவர் யார்? புத்தகம் என்பது வாசிக்கிறவளுக்கும் அதற்கும் இடையில் நடக்கிற விசயம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களை என்ன செய்வது? இதையெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அவன் வரச் சொன்னான் என்பது தெரிந்த பிறகு போகாமல் இருப்பது, தெரியாமல் போகாமல் இருந்ததைப் போல இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு போனேன்.

பஸ்சில் போகும்போது சொல்ல வேண்டியவற்றை ஒழுங்குபடுத்தினேன். எது முதல், எது பிறகு, எந்த இடத்தில் அவன் அழுவான், எந்த இடத்தில் நான். பாலத்தைத் தாண்டும்போது கீழே தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. நான் அந்த நாவலுக்குள் போய்க்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன்.

தம்பி தகரக் கூரைக்குக் கீழே ஒரு மோட்டாரைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கை முழுக்கக் கிறீஸ், அதனால் எழும்பவில்லை.

"வா. அந்தக் கதிரையில இரு. மற்றது கால் உடைஞ்சது."

இருந்தேன்.

"வீட்டுக் கிணறு உப்பாகிட்டுதோ?"

"கொஞ்சம்."

"கோடைக்கு அப்பிடித்தான்."

அவனுடைய மனைவி உள்ளே சமைத்தாள். சாப்பிட்டோம். தன் மூத்த மகனின் படிப்பைப் பற்றிச் சொன்னான். தேங்காய் விலையைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அம்மாவின் பெயர் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை. நான் ஒழுங்குபடுத்திக் கொண்டுபோன வசனங்களில் ஒன்றுக்கும் இடம் வரவில்லை. இப்போது நடக்கும், இப்போது நடக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஆள் பழுதான மோட்டாரோடு வந்தான். தம்பி அவனையும் கூட்டிக்கொண்டு, அவனோடு கதைத்தபடியே என்னைப் பஸ் நிற்கிற இடம் வரை கொண்டுவந்து விட்டு, "இருட்டிறதுக்கு முதல் போயிடுவாய்" என்றான். பஸ் வெளிக்கிட்டது.

திரும்பி வந்ததும் நேரே அக்காவின் வீட்டுக்குத்தான் போனேன். சண்டை பிடிக்கத்தான்.

"ஒண்டும் நடக்கேல்லை அக்கா. கிணத்தைப் பற்றிக் கதைச்சுப்போட்டு வந்தனாங்கள்."

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"என்ன கறி?"

"பாரைக் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும்."

"ம். நல்லது" என்றார் அக்கா.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நாவலை எடுத்தேன். ஆறுதலுக்கு நான் எப்போதும் எடுப்பது அதைத்தான். கடைசிப் பக்கம். தங்கையின் தோணி, தண்ணீரில் நிற்கிற தமக்கை. வாசித்துக்கொண்டு போகும்போது மனம் வேறு எங்கோ இழுத்தது. தோணியைக் கட்டிவிட்டு இவர்கள் எங்கே போனார்கள்? யார் உலை வைத்தது? முதல் வாய்ச் சோற்றை எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்த்தார்கள்? பக்கத்தில் ஒன்றும் இல்லை. எழுதினவர் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. இன்னொரு நாளும் முயன்று பார்த்தேன். சுவரில் ஒட்டியிருக்கிற அறிவித்தலை வாசிப்பது போல இருந்தது.

இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பத்தொன்பது வயதிலிருந்து என்னைத் தாங்கிக்கொண்டு வந்த புத்தகத்தை அந்த அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாழாக்கிவிட்டார். பதிலுக்கு எனக்குக் கிடைத்தது, மாதத்தில் ஒருக்காத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மோட்டரைப் போட்டிட்டு வெளிய போகாத, கோயில் எரிஞ்சு போகும்" என்று சொல்கிற ஒரு தம்பி. கோயில் என்று அவன் சொன்னது கொயில்தான், மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள். அதை விளங்கிக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இது லாபமா நட்டமா என்று என்னைக் கேட்டால், நாளுக்கு ஒரு பதில் சொல்வேன்.

அக்காவின் மகள் கல்யாணம் முடித்துக் கனடாவுக்குப் போய், பிள்ளை பிறந்ததும் தாயையும் தகப்பனையும் கூப்பிட்டுக்கொண்டாள். வெளிக்கிடுகிறதற்கு முதல் நாள் அக்காவின் கையில் ஒரு நல்ல நாவலைத் திணித்தேன். "வேண்டாம் பிள்ளை, பாரம்" என்று திருப்பித் தந்துவிட்டார். அவருடைய கணவர் அப்போது சிரித்ததை நான் பார்த்தேன். அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

போன மாதம் அக்கா வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் வெள்ளைச் சுவர், யன்னலுக்கு அப்பால் வெள்ளை. தடித்த சட்டைக்குள் ஆள் சின்னதாகத் தெரிந்தார். மகள் வேலைக்கு, பேரன் பள்ளிக்கூடத்துக்கு, கணவர் நித்திரை.

"அங்க தமிழ்ப் புத்தகம் எடுக்கலாம்தானே அக்கா? நூலகத்தில இருக்குமே."

"இருக்குதாம். நான் வாசிக்கிறேல்லை."

"கண் ஏலாதோ?"

"கண்ணுக்கு ஒண்டுமில்லை. இஞ்ச வாசிச்சுப்போட்டு என்ன செய்யிறது, பிள்ளை? வெளியில தனியப் போக மகள் விடாள். பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம் எண்டும் தெரியாது. சும்மா வாசிச்சு வாசிச்சு வைக்க எனக்கு ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. அந்த மகளிலா, அந்தப் பனியிலா, சும்மா வாசித்து வாசித்து வைத்திருக்கிற என் இரண்டு அலுமாரியிலா. ஒரு ஆளை வாசிக்க விடாமல் செய்வதற்கு இத்தனை சுலபமான வழி இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"நீங்கள் இப்ப என்ன வாசிக்கிறியள்?" என்று அக்கா கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் இதைக் கேட்டதில்லை. குரலில் ஒரு பசி இருந்தது.

எனக்கு முன்னால் மேசையில் ஒரு நாவல் கிடந்தது. ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் கடலில் நீந்தப் பழகுகிற கதை. நல்ல எழுத்து. நான் கடலின் சத்தம் கேட்கிற வீட்டில் இருக்கிறேன். கடல் ஊருக்குள் வந்து போன அந்த வருடத்துக்குப் பிறகு நான் அதில் கால் நனைத்ததில்லை. அக்காவுக்கு அது தெரியும்.

"ஒண்டும் வாசிக்கேல்லை அக்கா. நேரமில்லை" என்றேன்.

அவர் திரையில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேரன் வருகிற நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த நாவலில் நான் பாதியில் நிற்கிறேன். அவள் இடுப்பளவு தண்ணீருக்கு வந்துவிட்டாள். அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்குப் பயமாக இருக்கிறது.